ஹீட்டர் கோர் ஒழுகும் பழைய வோல்வோ 850: மாத்துறதா, பைபாஸ் போடுறதா?

ஆயர்_ஈத்தாம்_850 (பினாங்கு)

வணக்கம். காடி 1996 வோல்வோ 850. ஹீட்டர் கோர் (காடிக்குள்ள சூட்டுக் காத்து தர்ற சின்ன ரேடியேட்டர்) ஒழுகுதோன்னு சந்தேகம். கன்சோல் ஓரமா கார்பெட் ஈரமா இருக்கு. புளோவரைத் திறந்தா இனிப்பு வாடை அடிக்குது. காலையில முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசின மாதிரி படலம், துணியால துடைச்சா கோடு கோடா இழுக்குது. எக்ஸ்பான்ஷன் தேங்கியில (கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம், ஊத்துற தேங்கி) அளவு வாரத்துக்கு அரை விரல் இறங்குது. எஞ்சின் பக்கம் எங்கேயும் ஒழுகல் இல்லை.

பட்டறையில "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு, ரெண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டிடலாம்"னு சொல்றாங்க. அப்படி பைபாஸ் போடலாமா? கோரையே மாத்துறதா இருந்தா டேஷ்போர்டு முழுக்கக் கழற்றணுமா?

பிறை_ஏர்கோன்

அறிகுறி எல்லாம் ஹீட்டர் கோரைத்தான் காட்டுது. ஆனாலும் சாமான் வாங்குறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்குங்க. நம்ம ஊர்ல கார்பெட் ஈரம்னு வர்ற காடிகள்ல பெரும்பாலானதுக்கு ஏர்கோன் தண்ணிதான் காரணம். காத்துல ஈரம் அதிகம், கூலிங் காயில்ல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும். டிரெயின் குழாய்ல பூஞ்சையும் இலைத்தூளும் அடைச்சா அந்தத் தண்ணி முழுக்க உள்ளேதான் வரும்.

பார்க்குற முறை: காடியை நிறுத்தி ஏர்கோனை நல்லாக் குளிர வச்சு பத்து நிமிஷம் ஓட விடுங்க. அடியில சொட்டுச் சொட்டா தண்ணி விழணும். விழலைன்னா டிரெயின் அடைச்சிருக்கு. கம்பியை விட்டுக் குத்தாதீங்க, கூலிங் காயில் மெல்லிய அலுமினியம், ஒரு குத்துல ஓட்டை விழுந்து கேஸ் போயிடும். கீழே இருந்து வேக்குவம் வச்சு உறிஞ்சுறது நல்லது.

கார்பெட்டுல இருக்குறது தண்ணியா கூலன்டான்னு சந்தேகமா? வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுங்க. நிறம் ஏறி, விரலுக்கு நடுவுல வழவழன்னு இருந்தா கூலன்ட். இன்னும் துல்லியமா வேணும்னா கூலன்ட் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்குற பட்டறையில அந்த ஈரத்துல ரெண்டு சொட்டைக் கண்ணாடியில விட்டுப் பாருங்க. ஏர்கோன் தண்ணின்னா நீலக் கோடு தண்ணீர் அளவிலேயே நிக்கும். கிளைக்கால் (கூலன்ட்ல இருக்குற முக்கியப் பொருள்) கலந்திருந்தா கோடு நகர்ந்து நிக்கும். நாக்குல வச்சுப் பார்க்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனா விஷம். நாய், பூனை இருக்குற வீட்டுல தரையில ஒரு சொட்டுகூட விடாதீங்க.

செந்தூல்_ஸ்பேனர் (கேஎல், கோலாலம்பூர்)

அண்ணன் சொன்னதோட பிரஷர் டெஸ்டும் சேர்த்துக்குங்க. எஞ்சின் முழுக்க ஆறினப்புறம் தேங்கி மூடிக்குப் பதிலா கைப்பம்பு மாட்டி, மூடியில அச்சடிச்சிருக்குற அளவுக்கு மட்டும் காத்து ஏத்துங்க. சில காடிக்கு 0.9 பார், சிலதுக்கு 1.4. பழைய பிஎம்டபிள்யூ இ36 மூடியில 2.0ன்னே இருக்கும். அந்த அளவைத் தாண்டினா நல்லா இருக்குற ரேடியேட்டரையும் சேர்த்துக் கெடுத்துடுவீங்க. ஏத்தி இருபது நிமிஷம் விடுங்க. முள் இறங்கினா கன்சோல் பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க.

850-ல முக்கியமான விஷயம்: டேஷ்போர்டைத் தொட வேண்டாம். கோர் கன்சோலுக்கு அடியில தாழ்வா உக்கார்ந்திருக்கு, கால் வைக்கிற இடத்துல இருந்தே எடுத்துடலாம். இன்னொண்ணு, ஒழுகுறது எப்பவும் கோரா இருக்காது. ரெண்டு குழாயும் கோரோட சேர்ற இடத்துல ரெண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கு. வருஷக்கணக்கா சூட்டுல கிடந்து தட்டையாப் போயிடும். சேர்ற இடம் மட்டும் நனைஞ்சிருந்தா, கோரோட உடம்பும் பக்கத்து பிளாஸ்டிக் தேங்கியின் மடிப்பும் காய்ஞ்சிருந்தா, குற்றவாளி ஓ-ரிங்தான்.

ஆயர்_ஈத்தாம்_850

ரிஃப்ராக்டோமீட்டர்ல கோடு நகர்ந்துச்சு, கூலன்ட்தான். பிரஷர் டெஸ்ட்ல முள் மெதுவா இறங்குது. கோரின் ஓரமும் நனைஞ்சிருக்கு, குழாய் சேர்ற இடமும் நனைஞ்சிருக்கு. எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை.

செந்தூல்_ஸ்பேனர்

அப்படின்னா ரெண்டையும் மாத்துங்க. கோரைக் கழற்றிட்டுப் பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடுறதுல அர்த்தமே இல்லை. வேலை இந்த வரிசையில போகட்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு கொஞ்ச நேரம் விடுங்க. முழங்கால் பக்கத்துல வயரிங் போகுது, ஏர்பேக் இருக்குற காடி. ரேடியேட்டர்ல இருந்து நாலு லிட்டர் அளவுக்கு இறக்குங்க. முழுக்க இறக்கினாலும் கோருக்குள்ள கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதை எஞ்சின் பக்கமே வெளியேத்திடணும்: ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் காடி உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்புத் தகடு) ரெண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு குழாய்ல வாயால ஊதுற அளவுக்கு மட்டும் காத்து கொடுங்க, இன்னொண்ணுல பாட்டில் பிடிங்க. கம்ப்ரஸர் காத்தை முழு வேகத்துல அடிச்சா பழைய கோர் உள்ளேயே வெடிக்கும்.

ஃபயர்வால்ல இருக்குற பிளாஸ்டிக் இணைப்புல கவனம். இந்த வயசுல பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கிளிப்பை முழுசா விடுவிச்ச பிறகுதான் நேரா இழுக்கணும், பக்கவாட்டுல ஆட்டக்கூடாது. இணைப்பு சாமான் ஒண்ணு முன்கூட்டியே வாங்கிக் கையில வச்சிக்கிட்டு ஆரம்பிங்க. ஹோஸ் குழாயோட ஒட்டிப்போய் வராம அடம் பிடிச்சா முறுக்கிப் பிடுங்காதீங்க. ஹோஸை நீளவாக்குல கத்தியால கீறி உரிச்சு எடுங்க. ஹோஸ் மலிவு.

உள்ளே கன்சோல் பக்க மூடிகளைக் கழற்றினா கோரின் முகம் தெரியும். கீழே பிளாஸ்டிக் விரிச்சு மேல பழைய டவல் ரெண்டு மூணு போட்டுடுங்க. குழாய்களைப் பிடிச்சிருக்குற டோர்க்ஸ் திருகை எடுத்துக் குழாயைப் பின்னால தள்ளி, கோரைப் பிடிச்சிருக்குற திருகுகளையும் எடுத்தா கோர் நழுவி வரும். வரும்போது கிடைமட்டமா வச்சிக்குங்க, சாய்ச்சா மிச்சம் மடியிலதான்.

புதுசை உடனே உள்ளே போடாதீங்க. பழையதையும் புதுசையும் பக்கத்துல வச்சு அளவு, தடிமன், குழாய் கோணம் பாருங்க. அப்புறம் ஒரு வாயை அடைச்சு, இன்னொரு வாயில 1 பார் காத்து கொடுத்து வாளித் தண்ணியில முக்குங்க. மடிப்புல சின்னக் குமிழி வந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை, செய்யாம விட்டா திரும்பவும் கார்பெட்.

கோரைச் சுத்தி இருந்த நுரை நாடா பொடியாகியிருக்கும். 5 மி.மீ. தடிமன்ல புது நாடா ஒட்டுங்க. அது இல்லைன்னா காத்து கோரைச் சுத்திக்கிட்டு ஓடும், ஒவ்வொரு மேட்டுலயும் கடகடன்னு சத்தமும் வரும்.

கெப்போங்_வயரிங்

ஓ-ரிங்கைப் பத்தி ஒரு வார்த்தை. ஹார்ட்வேர் கடையில பெட்டியில விக்கிற கறுப்பு ஓ-ரிங் பெரும்பாலும் எண்ணெய்க்கான நைட்ரில் ரப்பர். அளவு சரியா இருக்குன்னு அதைப் போடுறாங்க. எஞ்சின் சூட்டுல கூலன்ட்ல கிடந்தா இறுகி மறுபடி ஒழுகும். பச்சை ஓ-ரிங் ஏர்கோன் கேஸுக்கு உள்ளது. கூலன்டுக்கு ஈபிடிஎம் ரப்பர்தான் வேணும், அளவோட சேர்த்து அந்தப் பேரையும் கேட்டு வாங்குங்க. ஒரிஜினல் சாமான் கிடைச்சா அதுவே நல்லது.

போடும்போது கிரீஸ், வாஸ்லின், எஞ்சின் எண்ணெய் எதுவும் தடவாதீங்க. பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஈபிடிஎம் ஊதிப் பருத்துடும். கூலன்டிலேயே நனைச்சுப் போடுங்க, இல்லைன்னா சிலிக்கோன் கிரீஸ். உக்கார்ற பள்ளத்துல வெள்ளைப் பொடி மாதிரி அரிப்பு இருந்தா மெல்லிய நைலோன் ஸ்கரப்பரால துடைச்சு எடுக்கணும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கோடு விழுந்து அந்தக் கோடு வழியாவே கசியும்.

கிள்ளான்_டீசல்

மாத்துறதுக்கு எதிரா பேசலை. ஆனா பைபாஸையும் தப்புன்னு ஒதுக்க வேண்டாம். கேஎல்லயும் பினாங்கிலயும் மட்டும் ஓடுற காடி, சாமான் கிடைக்கலை, டேஷ்போர்டு முழுக்க இறக்கணும்னு இருந்தா பைபாஸ் நியாயமான முடிவுதான். சரியாப் போடணும், அவ்வளவுதான்.

ரெண்டு குழாயையும் தனித்தனியா அடைச்சு விடுறது ஒரு முறை, ரெண்டையும் வளையமாச் சேர்க்குறது இன்னொரு முறை. முதல் முறை எல்லா எஞ்சினுக்கும் ஆகாது. சில எஞ்சின்ல தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்குற வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட் சுத்தி வர்ற வழியே ஹீட்டர் லைன்தான். அதை அடைச்சா தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தாமதமாப் போய்ச் சேரும், அது திறக்குறதுக்குள்ள சிலிண்டர் ஹெட்ல ஒரு இடம் கொதிச்சிடும். அதனால வளையம்தான் பாதுகாப்பு.

ஹோஸ் உள்விட்டத்தை அளந்துக்குங்க, பெரும்பாலும் 16 அல்லது 19 மி.மீ. இணைக்கப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஜாயின்ட், பல் வெட்டினது. தோட்டத்துக்குத் தண்ணி விடுற பிளாஸ்டிக் ஜாயின்டைப் போட்டுடுறாங்க, அது சூட்டுல இளகி ஹைவேயில கழண்டா எஞ்சினே போச்சு. ஹோஸை மடிஞ்சு நசுங்குற அளவுக்கு வளைக்காதீங்க, யு வடிவத்துலயே வார்த்த ஹோஸ் கிடைக்கும். எக்ஸாஸ்ட்ல உரசாம கட்டிடுங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்_124

இடையில ஒரு கேள்வி. என் காடி மெர்சிடிஸ் டபிள்யூ124. கால் பக்கம் லேசா கூலன்ட் வாடை. சூட்டுக் குமிழைக் குளிர்ல வச்சா ஹீட்டர் வால்வு மூடிடும்தானே, அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்கலாமா?

செந்தூல்_ஸ்பேனர்

முடியாது அண்ணே. வால்வு மூடுறது உள்ளே போற பக்கத்தை மட்டும்தான். திரும்பி வர்ற குழாய் எஞ்சினோட திறந்தே இருக்கு. அதனால எஞ்சின் சூடானா அதே அழுத்தம் பின்வழியா கோருக்கும் வந்துடும். ஒழுகல் குறையும், நிக்காது.

124-ல காத்தைக் கலக்கிச் சூட்டை மாத்துற கதவு கிடையாது. கோருக்குப் போற சூட்டுத் தண்ணியைத்தான் மின்சார வால்வு கூட்டும், குறைக்கும். அந்த வால்வுக்குக் கரன்ட் போகலைன்னா திறந்தபடியே நின்னுடும். உள்ளே இருக்குற ரப்பர் சவ்வு கிழிஞ்சாலும் மூடாது. "ஏர்கோன் குளிரலை, கேஸ் ஏத்துங்க"ன்னு வர்ற 124-கள்ல முதல்ல வால்வுக்குப் பின்னால உள்ள ஹோஸைத் தொட்டுப் பாருங்க. குமிழ் முழுக் குளிர்ல இருக்கும்போது அது கொதிச்சா கேஸ்ல பழுது இல்லை.

ஆனா இந்தக் காடியில கோரை எடுக்க டேஷ்போர்டு இறங்கியே ஆகணும். 850 மாதிரி இல்லை. சாமானோட விலையைவிட கூலிதான் பெருசு. அதனால இறக்குறதுக்கு முன்னாடி கூலிங் காயிலையும் நைட்ரஜன் வச்சு டெஸ்ட் பண்ணிக்குங்க. பக்கத்துலயே இருக்கு, பழசா இருந்தா ஒரே கூலியில ரெண்டையும் முடிச்சிடலாம். பைபாஸ் போடலாமான்னு யோசிக்க நியாயம் இருக்குற காடின்னா இதுதான்.

பிறை_ஏர்கோன்

பைபாஸ் போட நினைக்கிறவங்க ஒண்ணைத் தெரிஞ்சிக்கணும். நம்ம ஊர்ல ஹீட்டர் தேவையே இல்லைன்னு சொல்றது பாதிதான் சரி.

ராத்திரி நல்ல மழை, வெளியே காத்துல ஈரம் நிறைஞ்சிருக்கு. ஏர்கோன் முழுக் குளிர்ல கண்ணாடிப் பக்கம் வீசுனா கண்ணாடி ரொம்பக் குளிர்ந்து வெளிப்பக்கம் பனி படியும். வைப்பர் போட்டா போகும், நிறுத்தினா திரும்ப வரும். கோர் இருக்குற காடியில கொஞ்சம் சூட்டைக் கலந்தா கண்ணாடி குளிர்றது நின்னுடும், ஏர்கோன் காத்தும் உலர்ந்தே வரும். பைபாஸ் போட்டுட்டா அந்த வழி இல்லை. காத்தைக் கண்ணாடிக்கு விடாம முகத்துக்கும் காலுக்கும் திருப்பி, புளோவர் வேகத்தைக் குறைக்கணும்.

கெந்திங், கேமரன் மலை அடிக்கடி போறவங்க இதை நினைச்சுப் பார்க்கணும். மூடுபனியில உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்துல கண்ணாடி மங்கும். மலை ஏறும்போது எஞ்சின் சூடு எகிறினா, ஏர்கோனை அணைச்சு ஹீட்டரை முழுசாத் திறந்து சமாளிக்கிற வழியும் போயிடும். 850 மாதிரி கோரை லேசா எடுக்க முடியுற காடியில நான் பைபாஸை ஏத்துக்க மாட்டேன்.

சுங்கைதுவா_வேகன்

கடையில லீக் அடைக்கிற திரவம் ஒரு பாட்டில் இருக்கு. அதை ஊத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணக்கூடாதா?

கெப்போங்_வயரிங்

வேண்டாம். ஹீட்டர் கோரின் குழாய்கள் ரேடியேட்டரைவிடக் குறுகல். ஒழுகுற ஓட்டையை அடைக்கிற அதே துகள் நல்ல குழாயையும் அடைக்கும். ஓ-ரிங் ஒழுகல்ல அது பிடிக்கவும் பிடிக்காது, ஏன்னா அங்க ரப்பர் ஒவ்வொரு தடவையும் சூட்டுல விரிஞ்சு சுருங்குது. அப்புறம் ரேடியேட்டர்ல சேறு, தெர்மோஸ்டாட்ல சேறு.

அதைவிட, கோர் ஏன் ஓட்டையாச்சுன்னு பாருங்க. ரெண்டு காரணம்தான் நான் அதிகம் பார்க்குறது. ஒண்ணு, குழாய்த் தண்ணியிலயே காலம் ஓட்டுறது. நம்ம ஊர்ல தண்ணி உறையப்போறது இல்லைதான், ஆனா கூலன்ட்ல இருக்குற அரிப்புத் தடுப்பு மருந்துக்காகத்தான் அது வேணும். மூணுல ஒரு பங்குக்குக் கீழே கலந்தா அந்த மருந்து போதாது, பாதிக்குப் பாதி நல்லது. கலக்க வடிகட்டின தண்ணி. நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீங்க, நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி இல்லை.

ரெண்டாவது, கூலன்ட் வழியா ஓடுற கரன்ட். எஞ்சின் எர்த் வயர் துருப்பிடிச்சிருந்தா கரன்ட் கூலன்ட் வழியாத் திரும்பும், அலுமினியத்தைத் தின்னும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ்ல பிடிச்சு, சிவப்பு முனையைத் தேங்கியில இருக்குற கூலன்ட்ல முக்குங்க, பிளாஸ்டிக்ல படாம. எஞ்சின் ஓடும்போது விளக்கு, புளோவர், ரேடியேட்டர் ஃபேன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. ஸ்டார்ட் அடிக்கும்போதும் பார்க்கணும். 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி. 0.3-ஐத் தாண்டினா எதைப் போடும்போது ஏறுதுன்னு கண்டுபிடிச்சு அந்த எர்த்தைச் சரி பண்ணுங்க. இல்லைன்னா புதுக் கோரும் அதே வழியில போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_124

ஹாஃப்கட் கடையில (பழைய காடிகளைப் பிரிச்சு சாமான் விக்கிற கடை) இருந்து பழைய கோர் வாங்கலாமா?

கிள்ளான்_டீசல்

கதவு, விளக்கு, கியர்பாக்ஸ் வாங்குற இடம் அது. கோரை மட்டும் வேண்டாம். கழற்றிக் காஞ்சு கிடந்தா உள்ளே மிச்சமிருந்த கூலன்ட் அரிச்சுப் படிஞ்சிருக்கும், ரப்பர் சுருங்கியிருக்கும். காடி ரொம்பப் பழசு, கோர் செம்பு-பித்தளைன்னா ரேடியேட்டர் பட்டறையில ஈயம் வச்சு ஒட்டித் தருவாங்க, அது நல்லா நிக்கும். அலுமினியத்துல பிளாஸ்டிக் தேங்கி மடிச்சு வச்சதை ஒட்ட முயற்சி பண்ணாதீங்க.

ஆயர்_ஈத்தாம்_850

கோரும் ஓ-ரிங்கும் ஃபயர்வால் இணைப்பும் ஆர்டர் போட்டாச்சு. கார்பெட்டை வெயில்ல காய வச்சா போதுமா? கண்ணாடிப் படலம் எப்படிப் போகும்?

பிறை_ஏர்கோன்

வெயில் மட்டும் போதாது. தண்ணி காயும், கிளைக்கால் அப்படியே நிக்கும். அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சிக்கிற சாமான், அதனாலதான் வாரக்கணக்குல ஈரமாவே இருக்கு. கார்பெட்டுக்கு அடியில தடிமனான பஞ்சு மெத்தை இருக்கும், கூலன்ட் எல்லாம் அங்கதான். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி, மெத்தையை வெளியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணியை ஊத்தி ஊத்திப் பிழியுங்க. கிளைக்கால் தண்ணியோட முழுசாக் கலக்கும், வர்ற தண்ணி வழவழப்பு இல்லாம தெளிவா வர்ற வரைக்கும் செய்யணும். கடைசியில கொஞ்சம் சோப்பு, அப்புறம் நல்ல தண்ணி, அதுக்கப்புறம்தான் வெயில்.

தரைத் தகட்டுல துரு இருக்கான்னு பாருங்க. கார்பெட்டுக்கு அடியில போற வயர் கனெக்டரைத் திறந்து பச்சை படிஞ்சிருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிங்க.

கண்ணாடிக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு துணியில தடவி இன்னொரு காய்ஞ்ச துணியில எடுங்க. ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் தேய்ச்சா படலம் இடம் மாறும், போகாது. காத்துக் குழாய்க்குள்ள படிஞ்சது கொஞ்ச நாள் வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு மூணு தடவை துடைக்கணும். கேபின் ஃபில்டர் இருந்தா மாத்திடுங்க. இறக்கின கூலன்டை லோங்காங்ல (சாக்கடையில) ஊத்தாதீங்க, மூடி போட்ட பாட்டில்ல வச்சு, கழிவு எண்ணெய் சேகரிக்கிற பட்டறையில வாங்கிக்குவாங்களான்னு கேட்டுக் கொடுங்க.

செந்தூல்_ஸ்பேனர்

கடைசியா நிரப்புறது. 850-க்கு மொத்தம் சுமார் 7 லிட்டர். இறக்கினது எவ்வளவுன்னு அளந்து வச்சிருந்தீங்கன்னா உள்ளே போறதோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரெண்டு லிட்டர் குறைவாப் போனா காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

தேங்கி வழியா மெதுவா ஊத்துங்க, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுல வச்சு, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓட விட்டு, மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க. அளவு இறங்க இறங்க ஊத்துங்க. குமிழி நின்னதும் மூடியைப் போட்டு, ஃபேன் ஒரு தடவை சுத்தி நிக்கிற வரைக்கும் விடுங்க. ஃபயர்வால்ல ரெண்டு ஹோஸும் சூடா இருக்கணும். ஒண்ணு சூடு, ஒண்ணு குளிர்னா கோருக்குள்ள காத்து இன்னும் நிக்குது. சூட்டுல மூடியைத் திறக்காதீங்க. ஆறினப்புறம் திரும்ப பிரஷர் டெஸ்ட்.

கன்சோல் மூடியையும் கார்பெட்டையும் உடனே போடாதீங்க. ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்க. கோருக்கு அடியில ஒரு காய்ஞ்ச வெள்ளை டிஷ்யூ வச்சு, தேங்கியில அளவு நிக்கிற இடத்துல மார்க்கர் பேனாவால கோடு போட்டுடுங்க. தினமும் காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்க, சூட்டுல அளவு ஏறித்தான் காட்டும். முதல் ரெண்டு நாள்ல கொஞ்சம் இறங்கினா அது மிச்சக் காத்து வெளியேறுறது, கோடு வரைக்கும் ஊத்திக்கலாம். மூணாவது நாளுக்கு அப்புறமும் இறங்கினா டிஷ்யூவைப் பார்த்துட்டு இங்க எழுதுங்க.